முதிய நாய் உணவை மறுப்பது நோன்பு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதான நாய் ஒன்று சோற்றுத் தட்டை விட்டு விலகிப் படுத்துவிட்டால், "அதுக்கு நேரம் வந்துட்டு, இனி தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்வது எங்கள் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் வழக்கமான பேச்சு. நாய் தன் முடிவை முன்னதாகவே அறிந்து, தானாக உணவை ஒதுக்கிவிடும் என்ற நம்பிக்கையிலிருந்து அந்தப் பேச்சு வருகிறது. அப்படிச் சொல்பவர்கள் இரக்கமில்லாதவர்கள் அல்லர்; பலர் கண் கலங்கித்தான் சொல்கிறார்கள். நானும் அதை நம்பி நான்கு நாள்களை வீணாக்கியவன். அந்த நான்கு நாள்களில் எங்கள் வீட்டு நாய் பட்ட துன்பம் வேறு எந்த வீட்டிலும் நேரக்கூடாது என்று எண்ணி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கறுப்பி என்று நாங்கள் அழைத்த அவள் கன்னி என்னும் நாட்டு நாய் இனத்தைச் சேர்ந்தவள். 12 வயது வரை காலையில் என்னுடன் கன்னடியன் கால்வாய்க் கரையில் நடந்து வந்தவள், சென்ற ஆண்டு சித்திரையில் ஒருநாள் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கருவாட்டைச் சுட்டு வைத்தோம். காய்ச்சலாக இருக்கலாம் என்று வீட்டில் இருந்த பாராசிட்டமால் மாத்திரையில் பாதியை என் கையாலேயே கொடுத்தேன். படுத்திருந்தவளின் வாயைப் பிளந்து பாலாடையால் பால் புகட்டியபோது அவளுக்குப் புரையேறி, நெடுநேரம் இருமினாள். இவை அனைத்துமே தவறு என்று பின்னர்தான் அறிந்தேன். மனிதருக்கான வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நாய்க்குக் கொடுக்கக்கூடாது; பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும், இபுபுரூஃபன் இரைப்பையில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். தளர்ந்து படுத்திருக்கும் நாயின் வாயில் ஊற்றும் பாலும் கஞ்சியும் மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரலில் சீழ் பிடிக்கச் செய்துவிடலாம்.

ஐந்தாம் நாள் அவளை ஆட்டோவில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டு சென்றோம். மருத்துவர் முதலில் அவள் வாயைத் திறந்து பார்த்தார். மேல் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து வேரில் சீழ் கோத்திருந்தது. அவளுடைய இடக் கண்ணுக்குக் கீழே இருந்த சிறு வீக்கத்தை ஏதோ பூச்சிக்கடி என்று நினைத்திருந்த எனக்கு, அது பல்லிலிருந்து வந்த வீக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. இரத்தத்தைச் சோதித்ததில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் அளவு இயல்பைவிட மிகுந்து 3.8 என்று வந்தது. சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகுதான் அந்த அளவு உயரத் தொடங்கும் என்று விளக்கிய மருத்துவர், "தண்ணீர் நிறையக் குடித்தாளா?" என்று கேட்டார். குடித்தாள்; மாசியிலிருந்தே முற்றத்துக் கல்தொட்டி மாலைக்குள் காலியாகிக்கொண்டிருந்தது, இரவில் இரண்டு முறை வெளியே விடச் சொல்லிக் கதவைச் சுரண்டினாள். வெயில் கடுமையாக இருக்கிறது என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். நோய் இரண்டு மாதங்களாக எங்கள் கண்முன் நின்று சொல்லியும் நாங்கள் கேட்கவில்லை.

உணவை மறுப்பதிலும் வகை உண்டு என்பதை அந்த மருத்துவரிடமிருந்தே கற்றேன். பசியோடு தட்டுக்கு வந்து, ஒரு வாய் எடுத்து, கீழே போட்டுவிட்டு, மீண்டும் எடுக்க முயலும் நாய்க்கு வாயிலோ பல்லிலோ கழுத்திலோ வலி இருக்க வாய்ப்பு மிகுதி. தட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பி, உதட்டை நக்கி, எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கும் நாய்க்குக் குமட்டல் இருக்கிறது என்று பொருள்; சிறுநீரகம், ஈரல், கணையம் ஆகியவற்றில் நோய் இருந்தால் இப்படி நேரும். கறுப்பியிடம் இரண்டும் இருந்தன. கருத்தடை செய்யாத பெண்நாய், இனச்சேர்க்கைப் பருவம் முடிந்து சில வாரங்களில் உணவை விட்டுத் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கக்கூடும். அதற்கு அறுவை மருத்துவம் ஒருநாள் தள்ளினாலும் உயிருக்கு ஆபத்து. நம் பகுதியில் உண்ணிக்குக் குறைவே இல்லை என்பதால் உண்ணிக் காய்ச்சலையும் நினைவில் வைக்க வேண்டும்: ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கில் இரத்தம் கசிந்தாலோ காத்திருக்கவே கூடாது. வேறு அறிகுறி எதுவும் தென்படாவிட்டாலும், முதிய நாய் ஒரு முழுநாள் எதையும் உண்ணாமல் இருந்தால் அதுவே மருத்துவரிடம் போகப் போதுமான காரணம்.

கறுப்பிக்குக் குமட்டலை நிறுத்தும் ஊசியும் ஐந்து நாள்கள் சலைனும் கொடுத்து, உடல் சற்றுத் தேறிய பிறகு அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். அதன் பிறகான வேலை வீட்டில் எங்களுடையது. முதுமையில் நாய்க்கு மோப்பம் மங்குவதால் ஆறிய சோறு அதற்கு உணவாகவே தோன்றுவதில்லை. கைபொறுக்கும் சூட்டில் வைத்தால் வாசனை எழும்பும். என் மனைவி அரிசியைக் குழைய வேகவைத்து, எலும்பு நீக்கிய கோழிக்கறியை உப்பில்லாமல் அவித்துச் சிறிதளவு பிசைந்து, முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்து, ஒரு நாளுக்கு ஐந்து முறை ஒவ்வொரு கைப்பிடியாகக் கொடுத்தாள். கழுத்தைத் தாழ்த்த வேண்டாம் என்று தட்டை மணையின் மீது வைத்தோம். கால்மணி நேரத்தில் உண்ணவில்லையென்றால் தட்டை எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். குமட்டலோடு இருக்கும் நாயின் மூக்குக்கு நேரே நாள் முழுவதும் உணவு கிடந்தால், நோய் தணிந்த பிறகும் அந்த உணவின் மீது வெறுப்பு நிலைத்துவிடுமாம். நாம் அன்போடு ஊற்றும் சாம்பார்ச் சோற்றில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதும், கருவாட்டின் உப்பு சிறுநீரக நோயாளிக்கு ஆகாது என்பதும் பன்னிரண்டு ஆண்டுகள் நாய் வளர்த்த எனக்கு அதுவரை தெரியாது. வாரம் ஒருமுறை அவளைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி, என் எடையைக் கழித்துக் குறித்து வைத்தேன். 13 கிலோவாக இறங்கியிருந்தவள் ஆடி முடிவதற்குள் 15 கிலோவைத் தொட்டாள். மீண்டும் கால்வாய்க் கரைக்கு வந்தாள். பாதி தூரம்தான், ஆனாலும் வந்தாள்.

எட்டு மாதங்கள் கழித்து மார்கழியில் அவள் மறுபடியும் உணவை விட்டாள். இம்முறை அன்றைக்கே அழைத்துச் சென்றோம். சோதித்துப் பார்த்த மருத்துவர், இனிச் சிறுநீரகம் மீளாது, மருந்தால் வேதனையை நீட்டிக்கத்தான் முடியும் என்று ஒளிக்காமல் சொன்னார். ஒருநாள் முழுவதும் யோசித்து, வலியின்றி விடைகொடுக்கும் ஊசிக்கு இசைந்தோம். என் மனைவியின் மடியில் தலைவைத்தபடி போனாள். உண்ணாத நாயை எப்படியாவது உண்ணவைத்தே தீர வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நேரம் வந்துவிட்டதா என்பதைச் சொல்ல வேண்டியவர் சோதித்துப் பார்த்த மருத்துவர். திண்ணையில் அமர்ந்திருக்கும் நாம் அல்லர். முதல் முறை ஊர்ப்பேச்சின்படி விட்டிருந்தால், ஒரு பல்வலியோடும் குமட்டலோடும் அவள் பட்டினியால் இறந்திருப்பாள். அதை நாங்கள் நல்ல சாவு என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

நம் தென்மாவட்டங்களின் நாய் இனங்களைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். இராசபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டு அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. அதே நாய்கள் மூப்படைந்து நோயுற்றதும் ஆற்றுப்பாலத்தடியிலும் ஊர் எல்லையிலும் இறக்கிவிடப்படுவதைப் பார்க்கிறேன். வளர்த்தவர் விலங்குக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராமல் விடுவதும், தக்க காரணமின்றிக் கைவிடுவதும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் கைவிடுபவர்களில் பலரும் கொடியவர்கள் அல்லர். என்ன செய்வது, எங்கே போவது என்று தெரியாதவர்கள்.

அதனால் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கால்நடை பராமரிப்புத் துறைக்கு ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பசு படுத்துவிட்டால் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண் எங்கள் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. முதிய நாய்க்கும் மருத்துவம் உண்டு என்பது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. கிராமக் கால்நடை மருந்தகங்களில் வாரத்தில் ஒரு மாலையை வயதான நாய்களுக்கென ஒதுக்கி, இரத்த மாதிரி எடுத்து, திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் சோதிக்க வழிசெய்தால், ஏழு வயதைக் கடந்த நாய்களின் சிறுநீரக நோயைப் பட்டினி தொடங்கும் முன்பே கண்டுகொள்ளலாம். அந்த நாளையும் நேரத்தையும் மருந்தகத்தின் வெளிச்சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, ஆட்டோ பிடித்துத் திருநெல்வேலிக்குப் பலமுறை போய்வர முடிந்தது. நாற்று நடவுக்கும் பீடி சுற்றவும் போகும் குடும்பங்களின் வாசலிலும் 12 வயது நாய்கள் படுத்திருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கல்லிடைக்குறிச்சி.