ஓடைக்கரைக்கு வந்த எல்லோருக்கும், முக்கியமாக அன்ரிக்கு

அன்புள்ள மேற்குச் சிட்னி துங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் நண்பர்களுக்கு,

சனிக்கிழமை இரவு ஓடைக்கரையில், இந்த நிலத்தின் பூர்வகுடியான தாருக் மக்களின் பெயர் எழுதிய பலகையை யாரோ உடைத்துப் பெயின்ற் பூசி, நாம் நட்ட கன்றுகளையும் பிடுங்கிப் போட்டது உங்களுக்குத் தெரியும். படமும் பார்த்திருப்பீர்கள். அதற்கு மேல் சொல்ல எனக்கு மனமில்லை. பலகை மறுபடி நிற்கிறது, கன்றுகள் மண்ணில் இருக்கின்றன, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை நினைவுகூரும் மே 26 மன்னிப்பு நாள் கூட்டம் சொன்ன நேரத்துக்கு நடந்தது. மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை கேட்காமலே வந்து பெயின்ற் சுரண்டியவர்களுக்கு நன்றி. மரக்கட்டைக்குக் காசு வாங்காத கடைக்காரருக்கும், லொமாண்ட்ரா கன்றுகளை வான் வண்டியில் ஏற்றி வந்தவருக்கும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், அறுபது பேருக்கு இடியப்பமும் சொதியும் கொண்டுவந்த வீட்டாருக்கும் நன்றி. 2000ஆம் ஆண்டு மே 28இல் பூர்வகுடி மக்களோடு நல்லிணக்கம் வேண்டிச் சிட்னி துறைமுகப் பாலத்தை நடந்து கடந்த இரண்டரை லட்சம் பேரில் ஒருவரான நம் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், இந்த முறை முழங்கால் வலியோடு குழி தோண்டினார். பூர்வகுடி மக்களுக்கு அரசியலமைப்பில் ஓர் ஆலோசனைக் குரல் கொடுப்பதா என்ற 2023 பொதுவாக்கெடுப்பில் 'இல்லை' என்று வாக்களித்ததை ஒளிக்காமல் சொல்லும் என் பக்கத்து வீட்டுக்காரர் தன் டிரில்லோடு வந்து நின்றார். அவரோடு இன்னும் வாதாடுவேன். ஆனால் திருகாணிகளை இறுக்கியது அவர்தான்.

இனி அன்ரி.

நாங்கள் எல்லோரையும் அன்ரி என்போம், மீன்கடை வரிசையில் முன்னால் நிற்பவரைக்கூட. பூர்வகுடி மக்களிடம் அது அப்படியில்லை. சமூகம் மதித்துக் கொடுக்கிற பெயர் அது, நரை விழுந்தால் மட்டும் கிடைத்துவிடாது. நம் அன்ரி தாருக் இனத்தவர். அவருடைய தாயைச் சிறு வயதிலேயே வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். அதைப் பற்றி என்னிடம் அவர் பேசியது ஒரே ஒரு தடவை, அதுவும் இரண்டு வசனம்.

முதன்முதல் சந்தித்தபோது தங்கள் நிலத்துக்கான சொல்லை எங்களுக்குச் சொல்லித்தந்தார்: ஙுர்ரா. ஆங்கிலம் பேசுகிறவர்கள் முதல் எழுத்திலேயே தடுக்கி விழுந்தார்கள். நான் சொன்னதும் அன்ரி சிரித்துவிட்டார். அரிவரியில் ங, ஙா, ஙி என்று மண்ணில் எழுதியதற்கு ஐம்பது வயதில்தான் ஒரு பயன் கிடைத்தது.

திங்கள் விடியற்காலை, புகைச் சடங்குக்கு நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல குளிர். பலகைக்கும் கன்றுகளுக்கும் பொறுப்பு நான்தான் என்பதால் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் தள்ளி, வேலியோரம் நின்றேன். அன்ரி நெருப்பின் மேல் இரண்டு கைகளையும் விரித்துக் கொஞ்ச நேரம் காட்டினார். பிறகு புல்லைக் கடந்து நேரே என்னிடம் வந்து, என் விரல்களைப் பிடித்து மெல்ல அழுத்தினார். "கை ஐஸ் மாதிரி இருக்கு, பிள்ளை" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய் யூகலிப்டஸ் இலை ஒடிக்கத் தொடங்கிவிட்டார்.

நேற்று நம் குழுவில் உள்ள ஆசிரியை ஒரு பிரதித் தாளைக் கொண்டுவந்து காட்டினார். 1790-91 காலத்தில் வில்லியம் டாஸ் என்ற கடற்படை அதிகாரி, பட்யெகராங் என்ற இளம்பெண்ணிடம் சிட்னி மொழி கற்றுக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பேடுகள் இப்போது லண்டனில் இருக்கின்றன. அதில் ஒரு சொல்: புட்டுவா. கையை நெருப்பில் சூடாக்கி இன்னொருவருடைய விரல்களை மெல்ல அழுத்துவது. இதற்கென்றே ஒரு சொல்! அன்ரி அதை நினைத்துத்தான் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்தப் பலகையில் இருந்தது தாருக் மக்களுடைய பெயர். அடி விழுந்தது அவர்களுக்கு. அப்படியிருக்க, நான் தேற்றப்பட வேண்டியவனாக வேலியோரம் நின்றது சரியில்லை. அடுத்த முறை நானே நெருப்புக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

பதினான்கு வருடம் பிளாக்டவுன் என்று விலாசம் எழுதினேன். அது என்ன பெயர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் படிப்பிக்க ஆளுநர் மக்குவாரி பரமற்றாவில் தொடங்கிய பள்ளி 1823இல் இங்கே மாறியது. அதற்குப் போன பாதையிலிருந்து வந்த பெயர் இது. அந்த நிலம் 2018இல்தான் தாருக் மக்களின் கைக்குத் திரும்பியது. பெமுல்வுய் புறநகரில் வீடு வாங்கிக் குடிபுகுந்த நம்மவர்களில் எத்தனை பேருக்கு, பன்னிரண்டு வருடம் குடியேற்றத்தை எதிர்த்துப் போராடி 1802இல் கொல்லப்பட்ட ஒரு மனிதனின் பெயர் அது என்று தெரியும்? இலங்கையில் எங்கள் ஊர்களின் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் நாங்கள். நானும் பேசியிருக்கிறேன்.

சரி, ஒரு விஷயம். ஜூன் நீண்ட வார இறுதியில் மயல் கிரீக் போகும் பயணத்துக்கு, வேலை இருக்கிறது என்று சாட்டுச் சொல்லியிருந்தேன். 1838 ஜூன் 10 அன்று குறைந்தது 28 விர்ராயராய் பூர்வகுடி மக்கள் கொல்லப்பட்ட இடம் அது. கொல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் கொன்றவர்களின் வழிவந்தவர்களும் அங்கே ஒன்றாக நின்று நினைவுகூர்கிறார்கள். நான் சாட்டுச் சொன்ன அந்த வேலை உண்மையில் வீட்டில் புல் வெட்டுவதுதான். நான் வருகிறேன்.

என் வான் வண்டியில் இன்னும் மூன்று இடம் இருக்கிறது. சனிக்கிழமை விடிய ஐந்து மணிக்குப் புறப்பாடு, பிளாஸ்கில் தேத்தண்ணி என் பொறுப்பு. அங்கே இங்கேயைவிடக் குளிராம், கம்பளி கொண்டு வாருங்கள்.