பனிப்புயலும் பம்ப் அறைச் சாவியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் குளிர்காலப் புயல்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைச் சாடி, "பனியே பெய்யாத நாட்டில் இதற்கு அரைப் பக்கமா?" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அடுக்குமாடிக் கட்டடங்களில் சார்ஜ்மேனாக, அதாவது மின்பலகைகளையும் மின் இணைப்புகளையும் கவனித்துக்கொள்ளும் தொழில்நுட்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என்னைக் கேட்டால், அந்த அரைப் பக்கம் போதாது.

2021 பிப்ரவரிப் பனிப்புயலில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சுமார் 45 லட்சம் வீடுகளும் கடைகளும் மின்சாரமின்றிக் கிடந்தன. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். மின்நிலையங்களின் கருவிகள் குளிரில் உறைந்து நின்றதுதான் மின்சாரம் போனதற்கு முதல் காரணம். 2011இலும் இதே போல் நடந்து, கருவிகளைக் குளிருக்கு ஏற்றபடி பாதுகாக்கச் சொல்லி அறிக்கையும் வந்து, அது கிடப்பில் போடப்பட்டது தனிக்கதை. என்னைப் போல இந்த வேலையிலேயே ஊறியவனுக்குச் சுருக்கென்று தைப்பது அடுத்த காரணம். அங்கே பல மின்நிலையங்கள் எரிவாயுவில் ஓடுகின்றன. அந்த வாயுவை எடுத்துக் குழாயில் தள்ளும் நிலையங்களுக்கோ மின்சாரம் வேண்டும். மின்வெட்டு அமலுக்கு வந்தபோது, 'இவற்றில் கை வைக்காதே' என்ற பட்டியலில் அந்த நிலையங்கள் பல இல்லவே இல்லை. ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்திருந்தால் சேர்த்திருப்பார்கள். கொடுக்கவில்லை. மின்சாரம் போனதால் வாயு நின்றது. வாயு நின்றதால் மின்சாரம் இன்னும் குறைந்தது.

இப்போது நம் மலேசியாவின் பினாங்குக்கு வருவோம். 2017 நவம்பர் 4ஆம் தேதி தொடங்கி மறுநாள் வரை கொட்டிய மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. ஏழு உயிர்கள் போயின. இரவோடு இரவாக மாநில அரசு ராணுவ உதவி கேட்க வேண்டியதாயிற்று. தண்ணீர் ஏறிய இடங்களில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். நிறுத்தாமல் விட்டிருந்தால் மின்சாரம் தாக்கி இன்னும் சிலர் செத்திருப்பார்கள்.

என் ஆத்திரமெல்லாம் எங்கள் குடியிருப்பின் மீதுதான். பிரதான மின்பலகை தரைத்தளத்தில், பம்ப் அறை அதற்குப் பக்கத்தில். இரண்டிலும் முழங்காலளவு சேற்றுத் தண்ணீர். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. சுற்றிலும் வெள்ளம், குழாயைத் திறந்தால் காற்று. லிப்ட் நின்றுவிட்டது. ஒன்பதாவது மாடியில் ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பி மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு இளைஞர்கள் டார்ச் வெளிச்சத்தில் படி படியாக இறக்கினார்கள். அவருக்கு அந்த இயந்திரம் இருப்பது நிர்வாக அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பம்ப் அறைச் சாவியோ பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம்! வெள்ளம் வடிந்த பிறகும் சாவிக்காகக் காத்திருந்தோம் என்றால் நம்புவீர்களா?

கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று பாராமல் எல்லாரும் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். படகுகள் வந்தன, பொம்பாக்காரர்கள் (தீயணைப்பு வீரர்கள்) தூங்காமல் உழைத்தார்கள். அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பொட்டலங்களையும் பாய்களையும் எண்ணுகிறோமே தவிர, மின்பலகை எந்த உயரத்தில் இருக்கிறது என்று யாரும் அளவுநாடாவோடு வருவதில்லை. நனைந்த இடத்திலேயே புதுப் பலகையைப் பொருத்திவிட்டு, பில்லை நீட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் கட்டடத்திலும் அதுவே நடந்தது.

பணம் இல்லை என்று சொல்ல வேண்டாம். அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காட்டுக்குச் சமமான தொகையைச் சிங்கிங் ஃபண்டுக்கென்று, அதாவது பெரிய பராமரிப்பு வேலைகளுக்கான சேமிப்பு நிதிக்கென்று, தனியே வசூலிக்கிறார்கள். சாயம் பூசுவதற்கு மட்டுமா அந்தப் பணம்? மின்பலகையை வெள்ளக் கோட்டுக்கு மேலே தூக்கி வைக்கலாம். முடியாத இடத்தில், பம்புக்கு மட்டுமாவது வெளியிலிருந்து ஜெனரேட்டரை இணைக்க மேல்தளத்தில் ஓர் இணைப்புப் பெட்டி வைக்கலாம். ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருப்போர், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோர், படுத்த படுக்கையாக இருப்போர் ஆகியோரின் வீட்டு எண்களை எழுதிக் காவலர் அறையிலும், அவர்கள் சம்மதித்தால் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திலும் கொடுத்து வைக்க ஒரு தாளும் பேனாவும் போதும். செப்டம்பரில் மழை வலுப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். உள்ளாட்சி மன்றம் வெள்ள அபாயப் பகுதிகளில் இதைக் கட்டாயமாக்கினால் நல்லது. அதுவரை நாமே செய்வதை யாரும் தடுக்கப்போவதில்லை.

எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நெருங்குகிறது. நிகழ்ச்சி நிரலில் முதல் இடம் முன்கூடத்துப் புது டைல்ஸுக்கு. மின்பலகையைப் பற்றி நான் அனுப்பிய தீர்மானத்தை 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பின் கீழ், வாகன நிறுத்துமிடத்துப் பூனைகளுக்கு அடுத்ததாகப் போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை, பூனைகள் விவகாரம் முடியும்வரை உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சார்ஜ்மேன் ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.