தோட்டா நேரா உக்காருதான்னும் பாருங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல விளையாட்டு பக்கத்துல ரைஃபிள் போட்டி பத்தி வந்தத படிச்சேன். மனசு அலையக்கூடாது, மூச்ச அடக்கணும், கை நடுங்கக்கூடாதுன்னு எல்லாம் போட்டிருந்தீங்க, அதெல்லாம் சரிதாங்க, ஆனா தோட்டா பத்தி ஒரு வரிகூட இல்ல.

நான் ஓசூர் சிப்காட்ல 20 வருஷமா லேத், அதாவது இரும்ப சுத்தவிட்டு கடையற மெஷின், ஓட்டறவன். என் பொண்ணு பாயிண்ட் டூ டூ (.22 இன்ச் தோட்டா போடற) ரைஃபிள்ல 50 மீட்டர் படுத்து சுடறா. பத்து ரவுண்டுல எட்டு ஒரே இடத்துல விழும், ரெண்டு மட்டும் எங்கியோ தள்ளிப் போயிரும். உடனே உனக்கு கவனம் இல்லன்னு சொல்லிடுவாங்க, நானும் பஸ்ல வர்ற வழியெல்லாம் அதயே சொல்லி திட்டிருக்கேன். "இல்லப்பா, ட்ரிக்கர் விடும்போது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு"ன்னு அவ அழுவா. அவ சொன்னத நான் அப்பவே நம்பியிருக்கணும்.

லேத் வேலை தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஜாப், அதாவது கடையற இரும்புத் துண்டு, சக்குங்கற பிடியில சென்டர் ஆகாம மாட்டியிருந்தா என்ன ஆகும், ஆடிக்கிட்டே சுத்தும்ல, அதேதான் இங்கயும். தோட்டா உள்ள போய் வரணும்ங்கறதுக்காக சேம்பர, அதாவது பேரல்ல தோட்டா உக்கார்ற குழிய, கொஞ்சம் லூசாத்தான் பண்ணுவாங்க, அந்த லூசு ஜாஸ்தியா இருந்தா தோட்டா அடியில படிஞ்சு மூக்கு லேசா சாஞ்சு கிடக்கும், வெடிச்சதும் தோட்டா முனையில இருக்கற ஈய புல்லட் அந்த சாய்வோடவே பேரல் குழலுக்குள்ள ஏறும், ஈயம் மெத்துனு இருக்கறதால ஒரு பக்கம் அதிகமா அழுந்திரும். அப்புறம் புல்லட்டோட எடை நடுவுல இருக்காது. பேரல விட்டு வெளிய வந்ததும் கவண்கல்லு மாதிரி ஒரு பக்கமா வீசிக்கிட்டு போகும்.

எவ்வளவு தள்ளும்னு கணக்கு போட்டுப் பாத்தேங்க. பேரலுக்குள்ள புல்லட்ட சுத்தவிடற முறுக்கு வெட்டு இருக்கும், அதத்தான் ரைஃப்ளிங்னு சொல்வாங்க, பாயிண்ட் டூ டூ பேரல்ல அது வழக்கமா 16 இன்ச்சுக்கு ஒரு சுத்து. எடை நடுவுல இருந்து 0.01 மில்லிமீட்டர் விலகினாலே போதும், 50 மீட்டர்ல ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் தள்ளிரும். டார்கெட்ல ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளியே 8 மில்லிமீட்டர்தான், அப்ப பத்து ஒம்போதாயிரும். மைக்ரோமீட்டர்ல கடைசி கோடு அளவுதாங்க அந்த 0.01, அதுக்கு ஒரு புள்ளியே போகுது.

எல்லாத் தோட்டாவும் ஒரே பக்கம் ஒரே அளவு சாஞ்சா கவலையில்ல, மொத்த குரூப்பும், அதாவது விழுந்த ஓட்டை எல்லாமே, ஒண்ணா நகரும், குறி பாக்கற சைட்ட திருப்பி சரி பண்ணிக்கலாம். ஒண்ணு இப்படி ஒண்ணு அப்படின்னு சாஞ்சாத்தான் குரூப் சிதறும். மேட்ச் ரைஃபிள்ல சேம்பர இறுக்கமா பண்றது இதுக்குத்தான், சேம்பர பின்னாடி அடைக்கற போல்ட்ட மூடும்போதே புல்லட் மூக்கு ரைஃப்ளிங்ல தொட்டு நடுவுல நின்னுக்கும்.

கோச்கிட்ட கேட்டு, ரேஞ்சுலயே அவர் முன்னாடி V வடிவத்துல வெட்டின வி-பிளாக்குல வெச்சு, கோணல் இருந்தா முள்ளு ஆடிக் காட்டற டயல் போட்டு ஒவ்வொரு தோட்டாவா மெதுவா உருட்டிப் பாத்தோம். சிலது அசையவே இல்ல, சிலதுல முள்ளு நல்லா ஆடுச்சு. ஆடாதத தனியா எடுத்து சுட்டா அந்த தள்ளிப்போற ரவுண்டு கொறஞ்சிருச்சு, முழுசா நிக்கலதான், ஆனா பொண்ணு முகத்துல அன்னிக்கு ஒரு தெளிவு வந்துச்சு. சேம்பர் முன்பக்கம் கரியும் மெழுகும் படிஞ்சிருந்தாலும் தோட்டா சரியா உக்காராதுன்னு கோச் சொன்னாரு, சுத்தம் பண்ணிட்டு சுட்டப்ப இன்னும் நல்லா வந்துச்சு.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள்ல வெண்கலம் வாங்கினதுல இருந்து எங்க ஓசூர் பக்கமும் புள்ளைங்க ஆசைப்பட்டு வருதுங்க. பெரிய ஷூட்டருங்க தன் பேரல்ல எந்த பேட்ச் தோட்டா ஒத்து வருதுன்னு சுட்டுப் பாத்துதான் மொத்தமா வாங்குவாங்க, இந்தப் புள்ளைங்களுக்கு கிளப்புல குடுக்கற டப்பாதான். அடுத்த தடவ இந்த விளையாட்ட பத்தி எழுதும்போது சேம்பர், தோட்டா பத்தியும் ஒரு அரை பக்கம் போடுங்க ஐயா, பெத்தவங்களும் கோச்சுங்களும் புள்ளைய திட்டறதுக்கு முன்னாடி ரைஃபிள திறந்து ஒரு தடவ பாப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.