ஒரு நொடியின் ஓசை

கும்பகோணம்,
ஐப்பசி, அடைமழை நாள்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நாகர்கோவிலுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று உன் தங்கச்சி அன்றைக்கே சொல்லிவிட்டாள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்த ஈரத்தில் மாடிப்படி ஏறாதே.

என் பக்கத்துச் செய்தி ஒன்றுதான். ஆவணியிலிருந்து காதுக்கு மெஷின் வைத்துக்கொள்கிறேன். இரண்டு வருடமாகவே பாதிப் பேச்சு எனக்கு எட்டாமல் போயிற்று, நான்தான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த மெஷினுக்கும் நீ கேட்டிருக்கிற கேள்விக்கும் தொடர்பு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாம் வேலை பார்த்த ஸ்டூடியோவை முதலாளி மூடியபோது உன் கையில் கொடுத்த யாஷிகா மேட் 124ஜி, பார்க்க மேலே ஒன்றும் படமெடுக்கக் கீழே ஒன்றுமாக இரட்டை லென்ஸ் வைத்த அந்த பிலிம் கேமரா, பீரோவிலிருந்து கிடைத்தது என்றும், லென்சில் ஏதோ படர்ந்திருக்கிறது என்றும், கண்ணாடி அலமாரியில் அலங்காரத்துக்கு வைக்க ஒருவர் விலை கேட்கிறார், கொடுக்கலாமா என்றும் எழுதியிருக்கிறாய். விற்காதே. உன்னிடமே வைத்துப் பூட்டி வைப்பதும் வேண்டாம். அது ஓட வேண்டும். ஓடாமல் கிடப்பதுதான் அந்தக் கேமராவுக்கு நோய். இருபது வருடத்தில் கெட்டுப்போய் நான் பார்த்த கேமராக்களில், உழைத்துத் தேய்ந்ததைவிடச் சும்மா கிடந்து எண்ணெய் இறுகியவைதான் அதிகம்.

என் 124ஜி உனக்கு நினைவிருக்கும். 1984-இல் ஒரு கல்யாணப் போட்டோகிராபரிடமிருந்து வாங்கியது. அந்த மாடல் 1970-இல் வந்தது, 1986-இல் நின்றுபோனது. யாஷிகாவை எடுத்துக்கொண்ட கியோசெரா கம்பெனியும் 2005-இல் கேமரா தொழிலையே விட்டுவிட்டது. புது உதிரிப்பாகம் இனி எங்கிருந்தும் வராது. உடைந்த ஒரு கேமராவிலிருந்து கழற்றி இன்னொன்றுக்குப் போட்டால்தான் உண்டு. அலமாரிக்குப் போகும் ஒவ்வொரு கேமராவும் எனக்கு வலிப்பது அதனால்தான்.

சரி, உன் லென்சுக்கு வருகிறேன். பின்மூடியைத் திற. லென்சின் திறப்பை, அதுதான் அபர்ச்சரை, 3.5-இல் முழுக்கத் திறந்து, ஸ்பீடை, அழுத்தியிருக்கும் வரை திறந்தே நிற்கும் பி-யில் வைத்து ஷட்டரை அழுத்திப் பிடி. முன்னால் இருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து, பின்னாலிருந்து கீழ் லென்சைப் பார். புள்ளி புள்ளியாக இருந்தால் தூசி, அதை விட்டுவிடு. மெல்லிய வேர் மாதிரி, சிலந்தி நூல் மாதிரி கிளைத்திருந்தால் பூஞ்சை. மேல் லென்சில் இருந்தால் படத்துக்குக் கெடுதல் இல்லை, பார்வை மங்கும், அவ்வளவுதான். கீழ் லென்சில் இருந்தால் காலம் கடத்தாதே. தொடக்கத்தில் துடைத்து எடுத்துவிடலாம். நாள்பட்டால் கண்ணாடி மேல் உள்ள பூச்சையே அரித்துத் தழும்பு விட்டுவிடும். நீ இருப்பதோ இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர்.

தோல் உறையைக் கழற்றித் தனியாக வை. அழகான உறைதான், தெரியும். முதலாளி தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளவென்று வைத்திருப்பார். ஆனால் தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. அந்துருண்டையும் கூடாது. ரப்பர் வளையம் போட்டு இறுக மூடும் டப்பா ஒன்று வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கேமராவை அதில் வை. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். மாதம் ஒருமுறை கேமராவை எடுத்து வெயிலும் காற்றும் படும்படி சிறிது நேரம் திறந்து வை.

பின்மூடியின் விளிம்பில் கறுப்பு ஸ்பாஞ்ச் ஓடும், பார்த்திருப்பாய். அது இந்நேரம் தார் மாதிரி பிசுபிசுத்திருக்கும். விரலால் தொடாதே, ஒட்டிக்கொண்டால் போகாது. பல்குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றி ஸ்பிரிட்டில் நனைத்துச் சுரண்டி எடு. அதன் இடத்தில் நான் கறுப்புக் கம்பளி நூல் வைத்து ஒட்டியிருக்கிறேன். நாலு வருடமாக ஒரு பிலிமிலும் வெளிச்சம் கசியவில்லை.

மேலே விரித்துப் பார்க்கும் ஹூடுக்கும் அதன் அடித்திரைக்கும் கீழே இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் துடைக்கவே கூடாது. வீட்டுக் கண்ணாடிக்கு ரசம் பின்பக்கம், இதற்கு முன்பக்கம். துடைத்தால் ரசம் கோடு கோடாக வந்துவிடும். ஊதுவது மட்டும் போதும்.

ஷட்டர் திணறினாலும் நீயாக எண்ணெய் விடாதே. இதை என் நஷ்டத்திலிருந்து சொல்கிறேன். ஐந்து வருடம் முன்பு வெளியூரில் ஒரு கடையில் கொடுத்தேன். முன்பக்கத்திலிருந்தே எண்ணெய் விட்டு, ஓடுகிறது பார் என்று காட்டிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாரத்தில் எண்ணெய் ஷட்டர் இதழ்களில் பரவி ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அந்த இதழ்கள் காய்ந்தே இருக்க வேண்டியவை. பிறகு சென்னையில் ஒரு பெரியவர் முழுக்கப் பிரித்துக் கழுவிக் கொடுத்தார். ஒவ்வொரு திருகாணியையும் பழைய காலண்டர் தாளில், கழற்றிய வரிசையிலேயே ஒட்டி வைத்திருந்தார். அவருக்கும் இப்போது கண் சரியில்லை, கடையை மூடிவிட்டார். உன்னுடையது தானாக ஓடினால் நம் அதிர்ஷ்டம்.

இனி மெஷின் கதை.

நம் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பாட்டரியில் வேலை செய்தது. பாதரசம் நஞ்சு என்று 1990களில் நாடு நாடாக நிறுத்திவிட்டார்கள். அளவில் ஒத்து வரும் சாதாரண பொத்தான் பாட்டரி 1.5 வோல்ட். அதைப் போட்டால் முள் கூடுதலாக ஏறும். வெளிச்சம் அதிகம் என்று நம்பி நாம் குறைத்து எடுப்போம், நெகட்டிவ் வெளுத்துப்போகும். போதாததற்கு அந்த பாட்டரி தீரத் தீர வோல்ட்டும் இறங்கிக்கொண்டே வரும், எந்தக் கணக்கும் நிற்காது. பல வருடம் நான் மீட்டரையே பார்க்காமல் வெயிலை நம்பித்தான் எடுத்தேன். நல்ல வெயிலுக்கு அபர்ச்சர் 16, ஸ்பீடு பிலிமின் வேக எண்ணுக்குப் பக்கத்தில், 400 பிலிம் என்றால் 500, அதாவது நொடியில் 500-இல் ஒரு பங்கு. முதலாளி சொல்லிக் கொடுத்த அதே கணக்கு.

காது மெஷின் வந்த வாரம், அதன் பாட்டரியை மாற்றும்போது அட்டையைப் படித்தேன். 675, துத்தநாகக் காற்று பாட்டரி, 1.4 வோல்ட். பழைய பாதரச பாட்டரிக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. குறுக்களவு மட்டும் சிறியது, கேமராவின் குழிக்குள் ஆடும். குழாய்ச் சாமான் கடையில் ஒரு ரப்பர் வளையம் வாங்கி அதற்குள் பொருத்திப் போட்டேன். நீல ஒட்டுத்தாளை உரித்து, காற்றுப் பட ஒரு நிமிடம் விட்டு, மூடியைத் திருகி, ஹூடைத் திறந்தேன். முள் எழுந்தது. என் பேத்தியின் செல்போனில் உள்ள மீட்டரோடு ஒப்பிட்டேன். வெளிச்ச அளவில் அரை ஸ்டாப்புகூட வித்தியாசம் இல்லை. ஒட்டுத்தாளை உரித்துவிட்டால் உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும் சில மாதங்களில் தீர்ந்துவிடும். அதனால் என்ன, எனக்குத்தான் எப்படியும் வாங்குகிறார்களே. இப்போது ஒரே அட்டையிலிருந்து என் காதுக்கும் எடுக்கிறேன், கேமராவுக்கும் எடுக்கிறேன்.

உன் கேமராவில் பழைய பாட்டரி உள்ளேயே இருந்தால் முதல் வேலையாக அதை வெளியே எடு. குப்பையில் போடாதே. தகட்டில் பச்சை பூத்திருந்தால் வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து உலரவிடு. 124ஜி-யில் ஜி என்றால் தங்கம். மீட்டரின் மின்தொடுப்புகளுக்குத் தங்க முலாம். கூடியவரை அவை அரிக்காமல் தாங்கும்.

இன்னொன்றும் நடந்தது. ரொம்ப நாளாக என் கேமராவின் மெது ஸ்பீடுகள் செத்துவிட்டன என்றே நினைத்திருந்தேன். ஒரு நொடி வைத்து அழுத்தினால் சத்தமே இருக்காது. உள்ளே பல்சக்கரம் நின்றுவிட்டது, இதழ்கள் மட்டும் எப்படியோ திறந்து மூடுகின்றன என்று முடிவு கட்டியிருந்தேன். மீட்டர் உயிர் பெற்ற அன்று, மெஷின் காதில் இருக்க, ஒரு நொடியில் வைத்து அழுத்தினேன். கிர்ர்ர் என்று தொடங்கி டக் என்று முடிகிற அந்தச் சத்தம் அப்படியே கேட்டது. டார்க் ரூம் வாசலில் உட்கார்ந்து நாம் இருவரும் ஒவ்வொரு ஸ்பீடாக வைத்துக் காதருகே பிடித்துச் சோதிப்போமே, அதே சத்தம். கேமரா ஒரு நாளும் நிற்கவில்லை. நான் எத்தனை முறை அழுத்தினேன் என்று எனக்கே தெரியாது. உன் தங்கச்சி அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

ஆகவே உன்னுடையதையும் அப்படிச் சோதித்துப் பார். 500-இல் தொடங்காதே. 60-இல் பத்து முறை, பிறகு 30, 15 என்று இறங்கி ஒரு நொடிக்கு வா. இடையில் இழுத்து இழுத்து ஓடினால் நிறுத்திவிடு, கட்டாயப்படுத்தாதே. 500 வேண்டுமானால் பிலிம் நகர்த்தும் கிராங்க் சுற்றுவதற்கு முன்பே வைத்துவிடு, முதலாளி நம் கையைத் தட்டித் தட்டிப் பழக்கினாரே. செல்ப் டைமரைத் தொடவே வேண்டாம். இத்தனை வயதான கேமராவில் அது பாதியில் மாட்டிக்கொண்டால் ஷட்டரும் கூடவே நின்றுவிடும்.

பிலிம் கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். நாம் அன்று போட்ட இந்துவும் ஓர்வோவும் இல்லை. உதகையில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியின் ஆலை மூடிக் கிடக்கிறது. நம் மலையிலேயே செய்த பிலிமைப் போட்டு நம் குளத்தையும் கோயிலையும் எடுத்தோம் என்பது இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் கதையாக இருக்கிறது. ஆனால் நம் கேமராவுக்குப் போடும் 120 ரோல் இன்னும் வருகிறது. இல்போர்டு எச்பி5 பிளஸ்தான் நான் வாங்குவது. விலை அதிகம். ரோலுக்குப் பன்னிரண்டே படம் என்பதால் கை தானாக நிதானப்படுகிறது. போன மாதம் ஒரு ரோலை முடிக்க எனக்குப் பதினேழு நாள் ஆயிற்று.

பிலிம் கழுவும் டெவலப்பர் மருந்தை நானே கலக்கிக்கொள்கிறேன், டி-76. லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. தராசைப் பார்க்காமலே உனக்கு வரும். மெட்டாலை முதலில் கரைக்க வேண்டும், சல்பைட் முந்திக்கொண்டால் மெட்டால் கரைய மறுக்கும். பேத்தி முதல் தடவை மாற்றிப் போட்டுவிட்டாள், அந்த லிட்டர் முழுக்கக் கொட்ட வேண்டியதாயிற்று. 20 டிகிரியில் ஏழரை நிமிடம். நம் ஊர்த் தண்ணீர் கோடையில் 30-க்கு மேல் நிற்கிறது. அண்டாவில் ஐஸ் போட்டு, டேங்கை அதில் நிறுத்தித்தான் செய்கிறேன். முதலாளி ஐஸ் கம்பெனியிலிருந்து கோணிப்பையில் சுற்றிப் பாளம் வாங்கி வரச் சொல்வாரே, அந்த நாற்பது வருடப் பழக்கம்தான், பாளத்துக்குப் பதில் பிரிட்ஜ்.

இதையெல்லாம் செய்தபோதுதான் 1980 மகாமகத்து நெகட்டிவ்களை எடுத்துப் பார்த்தேன். குளத்து வடகரை வீட்டு மொட்டைமாடியில் நீ கேமராவைப் பிடிக்க, நான் ரோல் மாற்றிக் கொடுத்தேன். மூன்று ரோல். அதில் ஒன்று போய்விட்டது. பிலிமின் மேல் உள்ள ஜெலட்டினும் பூஞ்சைக்கு உணவுதான், படத்தையே தின்றிருக்கிறது. மற்ற இரண்டும் நேற்றுக் கழுவியது போல இருக்கின்றன. ஒரு படத்தில் கிழவி ஒருத்தி படியேறி வந்து புடவைத் தலைப்பைப் பிழிகிறாள். பெரிதாக்கிப் பார்த்தால் பிழிந்த தண்ணீர் தனித்தனிச் சொட்டாகத் தெரிகிறது. அதை எடுத்தது இப்போது உன் பீரோவில் கிடக்கிற அதே லென்ஸ்.

அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. அதே மாடிக்கு அனுமதி கேட்டு வைத்திருக்கிறேன், அந்த வீட்டுப் பிள்ளை சரி என்று சொல்லிவிட்டான். இரண்டு கேமராவும் அன்றைக்கு ஓட வேண்டும்.

அதனால் கேமராவைக் கூரியரில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. தை பிறந்ததும் மழை ஓய்ந்துவிடும். கூடவே அந்தச் சின்ன மரப்பெட்டியையும் தேடு. ஹூடும், கிட்டத்தில் எடுக்கப் போடும் லென்ஸ் ஜோடியும், கேபிள் ரிலீசும், மஞ்சள் பில்டரும் அதில்தான் இருந்தன. கடையில் விற்கும் பில்டர் எல்லாம் திருகுமரை வைத்தவை, நம் லென்சில் மாட்டித் திருப்பும் கொக்கி வாய்க்கு நேராகச் சேராது. என் மஞ்சள் பில்டர் தொலைந்ததிலிருந்து கோபுரத்துக்குப் பின்னால் வானம் வெறும் வெள்ளையாகவே விழுகிறது.

என்னிடம் இரண்டு ரோல் இருக்கின்றன. ஆளுக்கு ஒன்று.

அன்புடன்,
உன் டார்க் ரூம் கூட்டாளி