நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மனைவி இறந்த மறுமாதமே பால்காரரை நிறுத்திவிட்டேன். ஒற்றை ஆளுக்கு அரை லிட்டர் பால் எதற்கு என்று தோன்றியது. காலையில் வரக்காபியும் இரண்டு பிஸ்கட்டும், மத்தியானம் ரசஞ்சாதமும் ஊறுகாயும், இரவுக்குக் கடையில் வாங்கிய பன். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

பிறகு காலையில் எழுந்திருக்கவே பிடிக்காமல் போயிற்று. பேரன் தொலைபேசியில் பேசினால்கூட எப்போது வைப்பான் என்றிருந்தது. பாதங்களில் ஓயாத மதமதப்பு. முதலில் பார்த்த மருத்துவர், வயதாகிவிட்டது, துணையும் இல்லை, அப்படித்தான் இருக்கும் என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த வார்த்தையை நானும் நம்பிவிட்டேன் என்பதுதான் இன்றும் என்னை வருத்துகிறது.

மகள் வந்து வேறொருவரிடம் அழைத்துப் போனாள். அவர் கேட்ட முதல் கேள்வி: "நேற்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் ஐயா?" ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது. காய்கறியிலோ அரிசியிலோ அது கிடையாது. முட்டை, மீன், இறைச்சி, பால், தயிரில்தான் உண்டு. சைவம் சாப்பிடும் நான் பாலையும் நிறுத்தியிருந்தேன். போதாக்குறைக்கு, சர்க்கரை நோய்க்காகப் பதினோரு வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். அதை நெடுநாள் சாப்பிடுவோரில் சிலருக்கு பி12 குறையுமாம். அது குறைந்தால் நரம்பும் தளரும், மனமும் சோரும் என்று அவர் விளக்கினார்.

ஊசி போட்டார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரையும் தந்தார்கள். சுண்டல், முருங்கைக்கீரை, இரண்டு வேளை தயிர் என்று மகள் சாப்பாட்டை மாற்றினாள். ஆறு மாதத்தில் தேறினேன். இதில் எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சாப்பாடு போதும், மாத்திரை வேண்டாம் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் சாப்பாட்டுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. பாதிப் பேருக்கு 12 வாரம் உணவு ஆலோசனை. பயறு, காய்கறி, முழுத்தானியம், மீன் கூடுதலாகவும், இனிப்பும் பொரித்த பண்டங்களும் குறைவாகவும் சாப்பிடச் சொன்னார்கள். மற்றவர்களிடம் அதே கால அளவுக்கு ஆதரவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். உணவை மாற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். மற்ற பிரிவில் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். சிறிய ஆய்வுதான் என்றாலும் என் அடுப்பங்கரையை நினைக்க வைத்தது.

நான் தபால்காரனாக இருந்தவன். முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலத்தில் எத்தனையோ வீட்டுத் திண்ணையில் பணத்தை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். தனியாக இருந்த பலருடைய வீட்டில் பகல் பன்னிரண்டு மணிக்கும் அடுப்பு எரியாது. 'என்னமோ மனசே சரியில்லை தம்பி' என்பார்கள். சாப்பிட்டீர்களா என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

இன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. கொண்டுவரும் பெண்கள், தனியாக வாழும் முதியவர்களிடம் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு அவர்கள் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுவோருக்கு பி12 பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துதர வேண்டும். சுகாதாரத் துறை இதைக் கவனிக்கும்படி தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
மயிலாடுதுறை