சட்டப் பாடத்திட்டம் வகுப்போருக்குத் திருப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை நல்ல மதிப்பெண்களோடு முடித்து, ஏழு ஆண்டுகளாகத் திருப்பூரில் வழக்கறிஞராகத் தொழில் செய்துவருகிறேன். கடந்த மாதம் என் அலுவலகத்தில் நடந்த ஒன்றுக்குப் பிறகு இதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும், பட்டம் பெறுவதற்கு முன், உண்மையில் தொழில் செய்யும் இருவருக்காக ஒரு வணிக ஒப்பந்தத்தையாவது முதல் வரியிலிருந்து தாமே எழுதி, அந்த இருவருக்கும் அது புரிகிறதா என்று சோதித்தும் பார்த்திருக்க வேண்டும். என் கோரிக்கை இது ஒன்றுதான்.

அன்று என்னைப் பார்க்க வந்தவர், பதினெட்டுத் தையல் மெஷின்களை வைத்து ஜாப் ஒர்க், அதாவது பிற நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, செய்பவர். ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்கு 12,000 டி-ஷர்ட்டுகளைப் பீஸுக்கு 18 ரூபாய் கூலியில் தைத்துக் கொடுத்திருந்தார். வர வேண்டிய கூலி 2,16,000 ரூபாய். சரக்கைக் கொடுத்து 58 நாட்கள் கழித்து, தையல் சரியில்லை என்று 1,40,000 ரூபாயைக் கழித்துக்கொள்வதாக ஒரு டெபிட் நோட் வந்தது. மீதி 76,000 ரூபாய் மட்டும் கணக்கில் ஏறியது. எத்தனை பீஸில் குறை, என்ன குறை, யார் சோதித்தார்கள் என்று அந்தத் தாளில் ஒரு சொல்கூட இல்லை. கேட்டுப் பார்க்கலாம் என்றால் சரக்கு அதற்குள் கப்பலேறிவிட்டது. தன் யூனிட்டில் தைத்தவர்களுக்கு அவர் வாரக் கூலியைச் சனிக்கிழமைதோறும் முழுதாகக் கொடுத்து முடித்திருந்தார்.

அவர் மேசையில் விரித்த ஒப்பந்தம், மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிக் கொடுத்தது. “ஏனுங் மேடம், நீங்க எழுதிக் குடுத்த பேப்பரத்தானுங்க அவங்க எடுத்துக் காட்டறாங்க” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர்கள் எடுத்துக் காட்டியது அதில் ஆங்கிலத்தில் இருந்த ஒரு ஷரத்து. தமிழில் சொன்னால் இப்படி வரும்: “சரக்கின் தரம் நிறுவனத்துக்கு முழுத் திருப்தி அளிப்பதாக இருக்க வேண்டும், குறை காணப்பட்டால் நிறுவனம் தக்க தொகையைப் பிடித்தம் செய்துகொள்ளலாம்.” திருப்தியை எதைக் கொண்டு அளப்பது, எத்தனை நாட்களுக்குள் குறை சொல்ல வேண்டும், தக்க தொகை என்பது எவ்வளவு என்ற எதையும் நான் எழுதவில்லை. அது என் சீனியரின் கணினியில் கிடந்த பழைய படிவம். பெயர்களையும் தேதியையும் மாற்றி அச்செடுத்தேன். அது சரக்கைப் பெறுபவரின் பக்கமிருந்து எழுதப்பட்ட படிவம் என்பதுகூட அன்று எனக்குத் தெரியவில்லை. அதைவிடக் கொடுமை கடைசிப் பக்கத்தில் இருந்தது. தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல், டெல்லியை நடுவர் மன்றத்தின் இடமாகக் கொண்டு ஒரு நடுவர் தீர்க்க வேண்டுமாம். இரண்டு தரப்புக்கும் இடையே நான்கு கிலோமீட்டர்தான் தூரம், இருவரும் திருப்பூர்க்காரர்கள்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. சரக்கைப் பெற்ற 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். பணம் கொடுக்க எழுதிக்கொண்ட தவணை எதுவாயினும், ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இந்தப் பாதுகாப்பைக் கோரும் இடத்தில்தான் என் ஷரத்து குறுக்கே நிற்கிறது. திருப்தி அளித்தால்தான் ஏற்பு என்று நீங்களே கையெழுத்திட்டிருக்கிறீர்களே என்று எதிர்த்தரப்பு வாதிடுகிறது. ஒப்பந்தமே இல்லாமல் வெறும் டெலிவரி சலானை மட்டும் வைத்திருந்தால்கூட அவர் நிலை இதைவிடத் தெளிவாக இருந்திருக்கும். இந்தச் சட்டத்தின் பலனைக் கோரச் சிறு நிறுவனங்கள் செய்துகொள்ளும் உத்யம் பதிவு இருக்கிறதா என்று ஒப்பந்தம் எழுதிய நாளில் அவரைக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. அவர் பிறகுதான் பதிந்தார், பிந்திய பதிவு செல்லுமா என்பதே இப்போது தனி வாதமாகிவிட்டது.

தவறு என்னுடையது; அதை அவரிடம் சொல்லிவிட்டேன், இந்த வழக்கைக் கட்டணம் வாங்காமல் நடத்துகிறேன். ஆனால் இந்தத் தவறைத் தவிர்க்க நான் ஏன் கற்றுக்கொள்ளாமல் போனேன் என்பதை உங்களிடம்தானே கேட்க முடியும்? 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 10, 29, 73, 74-ஆம் பிரிவுகளை மனப்பாடமாக எழுதியவள் நான். ஒப்பந்தச் சட்ட வகுப்பில் தவறாமல் வரும் 1893-ஆம் ஆண்டின் கார்லில் வழக்கையும் 1903-ஆம் ஆண்டின் மோகரி பீபி வழக்கையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நிச்சயமற்ற ஒப்பந்தம் செல்லாது என்று 29-ஆம் பிரிவு சொல்வது தெரியும். நிச்சயமான ஒரு வாக்கியத்தை எப்படி எழுதுவது என்று ஒரு நாள்கூட யாரும் சொல்லித் தரவில்லை.

ஆவணம் எழுதும் பயிற்சித்தாள் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லக்கூடும். இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி அது கட்டாயத் தாள்தான். வழக்குரைகள் 15, ஆவணங்கள் 15 என்று எழுதியாக வேண்டும். ஆனால் கிரயப் பத்திரம், அடமானம், குத்தகை, தானம், பிராமிசரி நோட், அதிகாரப் பத்திரம், உயில் என்றுதான் அந்த ஆவணங்கள் போகின்றன. ஜாப் ஒர்க் ஒப்பந்தமும் சப்ளை ஒப்பந்தமும் நான் எழுதிய ரெக்கார்டில் இல்லை. இருந்தவற்றையும் முந்தைய ஆண்டு மாணவர்களின் ரெக்கார்டைப் பார்த்துத்தான் எழுதினோம். கையெழுத்து அழகாக இருந்ததற்கு எனக்கு மதிப்பெண் கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பத்திர எழுத்தர் ஒரு சென்ட் நிலத்தை எழுதினாலும் நான்கு பக்கமும் யார் யார் நிலம் என்று சக்குபந்தி சொல்லாமல் விடமாட்டார். எழுதி முடித்ததும் தமிழில் வாசித்தும் காட்டுவார். பல லட்சம் ரூபாய்க்கு வேலை வாங்கும் ஒப்பந்தத்தில், பொறுப்பு எதுவரை போகும் என்ற எல்லையும் இல்லை, கையெழுத்துப் போடுபவருக்குத் தெரிந்த மொழியும் இல்லை. ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டுச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. தமிழில் எழுதினால் மதிப்பில்லை என்ற எண்ணத்தை வகுப்பறைதான் எங்களுக்குள் விதைத்தது. கோபத்தில் இதை எழுதவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும், பொறுத்தருள்க.

அந்த ஷரத்தை இப்போது மாற்றி எழுதியிருக்கிறேன். அதற்காக ஒரு நாள் முழுதும் அவர் யூனிட்டில் செக்கிங் மேசை அருகே உட்கார்ந்திருந்தேன். ஸ்கிப் ஸ்டிச் (தையல் இடையில் விட்டுப்போவது), ஓப்பன் சீம் (மூட்டு பிரிந்திருப்பது), ஊசி ஓட்டை ஆகியவை தையலில் வரும் குறைகள். எண்ணெய்க் கறை துணி பின்னும் நிட்டிங்கிலிருந்தும் வரும், தையல் மெஷினிலிருந்தும் வரும். ஷேடு மாறுவது சாயத்தோடு சேர்ந்தது, தைப்பவருக்கு அதில் பங்கில்லை என்று அங்கிருந்த ஒரு பெண் தொழிலாளி ஒவ்வொரு பீஸாக எடுத்துக் காட்டினார். அதன் பிறகு எழுதியது இது: “சரக்கைப் பெற்ற 7 நாட்களுக்குள் நிறுவனம் சோதித்து, குறையுள்ள பீஸ்களின் எண்ணிக்கையையும் குறையின் பெயரையும் எழுத்தில் தெரிவித்து, அந்தப் பீஸ்களைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். சரிசெய்து தர யூனிட்டுக்கு 5 நாட்கள் உண்டு. சரிசெய்யாத தையல் குறைக்கு, அந்தப் பீஸின் கூலியையும் துணி விலையையும் மட்டும் பிடிக்கலாம். 7 நாட்களுக்குள் தெரிவிக்காத குறைக்குப் பிடித்தம் இல்லை.” அவரும் அவர் மனைவியும் ஒருமுறை படித்தார்கள், யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.

இதைக் கற்க எனக்கு ஏழு ஆண்டுகளும் இன்னொருவரின் 1,40,000 ரூபாயும் ஆகின. ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரங்கள் இன்டர்ன்ஷிப்புக்கு இடம் இருக்கிறது. அதில் இரண்டு வாரம் மாணவர்களைப் பட்டறைகளுக்கும் குடோன்களுக்கும் அனுப்பி, அங்கு நடக்கும் வேலைக்கு ஓர் ஒப்பந்தம் எழுதச் சொல்ல முடியாதா? அதற்கு மதிப்பெண் இடும்போது ஆசிரியரோடு கையெழுத்திடப் போகும் தொழில்முனைவோர் ஒருவரும் உட்காரட்டும். அவருக்குப் புரியாத ஷரத்துக்கு மதிப்பெண் வேண்டாம்.

ஆகவே பட்டத்துக்கு முன் ஒரு வணிக ஒப்பந்தம், தமிழிலும் எழுதும் உரிமையோடு, ஒவ்வொரு மாணவரின் கையாலும் எழுதப்பட வேண்டும் என்பதை அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் சேர்க்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கல்லூரியில் அழைத்தாலும் சனிக்கிழமைகளில் வந்து வகுப்பெடுக்கத் தயாராக இருக்கிறேன். அந்த யூனிட் உரிமையாளரும், மாணவர்கள் பார்ப்பதாக இருந்தால், என் பழைய ஒப்பந்தத்தையும் தனக்கு வந்த டெபிட் நோட்டையும் எடுத்துக்கொண்டு உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தங்கள் உண்மையுள்ள,
வழக்கறிஞர் ஒருவர்,
திருப்பூர்