லாக்ஸ்டனில் முளை அடிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

லாக்ஸ்டன் வயல்களின் உடைமையாளர்களான தோர்ஸ்பி எஸ்டேட் நிர்வாகிகளுக்கும், லாக்ஸ்டன் ஊர் நீதிமன்றமான கோர்ட் லீட்டின் ஜூரியினருக்கும்,

வணக்கம்.

நாட்டிங்ஹாம்ஷயரில் பல வருடங்களாகக் குடியிருப்பவன் நான். உங்கள் ஊர்க்காரன் இல்லை, அங்கே எனக்கு ஒரு சாண் நிலமும் கிடையாது. ஆனாலும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சுற்றி வளைக்காமல் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். லாக்ஸ்டனில் ஒரு குத்தகைதாரர் வயதாகி விவசாயத்தை விடும்போது, அவருடைய நிலத்தைப் பக்கத்துப் பண்ணையோடு சேர்த்துவிடாதீர்கள். உழுது பிழைக்க விரும்பும் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுங்கள்.

இதைத் தமிழில் படிப்பவர்களில் பலர் உங்கள் ஊரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூவர்க் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டர் போனால் லாக்ஸ்டன். காலில் அப்பிக்கொள்ளும் கனத்த களிமண் பூமி. ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, ஊருக்கு வடக்கே நார்மன் காலத்துக் கோட்டையின் மண்மேடு, தெருவை ஒட்டிச் செங்கல் வீடுகள். இந்த வீடுகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் மற்ற ஊர்களில் பண்ணை வீடு பெரும்பாலும் தன் வயலுக்கு நடுவே தனியாக நிற்கும். லாக்ஸ்டனில் பண்ணை வீடுகள் ஊருக்குள்ளேயே பக்கவாட்டுச் சுவரைத் தெருவுக்குக் காட்டியபடி நிற்கின்றன. ஏன் என்றால், அங்கே ஒருவருடைய நிலம் ஒரே இடத்தில் இல்லை. மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய வயல்கள். மூன்றிலும் வேலி கிடையாது. ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்றிலும் நீள நீளமான பட்டைகளாக நிலம் சிதறிக் கிடக்கிறது. நடுவில் குடியிருந்தால்தான் மூன்று பக்கமும் போய்வர முடியும்.

ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த வருடம் முறை மாறும். இந்தச் சுழற்சியிலிருந்து யாரும் தனியாக விலக முடியாது. உன் பட்டையில் நீ இஷ்டப்பட்டதை விதைத்தால் இரண்டு பக்கமும் இருப்பவனுக்குத் தொந்தரவு. அதனால்தான் ஊருக்கு ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது. அதுதான் கோர்ட் லீட்.

ஒரு நவம்பர் கடைசியில், பட்டைகளின் எல்லைகளைச் சரிபார்க்க உங்கள் ஜூரி வயலுக்குப் போன நாளன்று நான் வழியோரம் நின்று பார்த்திருக்கிறேன். டிராக்டர் இழுத்த டிரெய்லரில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். புதிதாகக் கோதுமை விதைத்த வயல், ஈரத்தில் கருத்துக் கிடந்தது. ஒருவர் பட்டையின் முனையில் குனிந்து மண்வெட்டியால் பழைய எல்லைக்குழியைத் தேடித் துழாவினார். கிடைத்ததும் இன்னொருவர் மர முளையை அதில் நிறுத்த, மூன்றாமவர் ஓங்கி அடித்தார். பிறகு முளைக்கு நேராக நின்று எதிர்முனையைப் பார்த்தார்கள். பொதுப் பாதைக்குள் கலப்பை ஏறியிருந்த இடத்தில் பேச்சு நின்றது. யார் உழுதது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது போலிருந்தது, யாரும் பெயர் சொல்லவில்லை. பொறுப்பாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அபராதம் சின்னத் தொகைதான். ஆனால் ஒரு வாரம் கழித்து டவ்காட் மதுக்கடையில் கோர்ட் கூடும்போது, ஊர் முன்னால் அந்தப் பெயர் வாசிக்கப்படும். அண்ணன் தம்பிக்குள் அரையடி வரப்புக்காகப் பேச்சுவார்த்தை அற்றுப்போகிற கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தப் பதினைந்து நிமிடம் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

இது திருவிழா வேஷம் இல்லை. 1977-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு இங்கிலாந்தின் பழைய கோர்ட் லீட்களின் நீதி அதிகாரத்தை நீக்கியபோது, லாக்ஸ்டனைப் பெயர் சொல்லி விட்டுவைத்தது. டெவனில் பிரான்டன் பெருவயல் இருக்கிறது, லிங்கன்ஷயரின் ஆக்ஸ்ஹோம் பகுதியிலும் பட்டை நிலங்கள் மிச்சமிருக்கின்றன. ஆனால் வயலும் சுழற்சியும் அதை ஆளும் நீதிமன்றமும் ஒன்றாக உயிரோடு இருப்பது உங்கள் ஊரில்தான்.

1635-இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் வரைந்த லாக்ஸ்டன் வரைபடம் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பட்டையும் யாருடையது என்று அதில் குறித்திருக்கிறார். பட்டைகளுக்கு நடுவே ஏர் ஓட்டுகிறவர்கள், அறுக்கிறவர்கள், மாடுகள் என்று குட்டிக் குட்டிச் சித்திரங்கள் வேறு. அதை வரையச் சொன்னவர் அப்போதைய நில உடைமையாளர் சர் வில்லியம் கோர்ட்டன். அதே 1635-இல்தான், கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியாவுக்குக் கப்பல் அனுப்ப இவருடைய கூட்டமைப்புக்கு மன்னர் முதலாம் சார்லஸ் அனுமதி கொடுத்தார். கோவாவுக்குப் போனதும், கார்வாரில் பண்டகசாலை போட்டதும் அந்தக் கூட்டமைப்புதான். நாட்டிங்ஹாம்ஷயரின் ஒரு களிமண் கிராமத்தைப் பட்டை பட்டையாக அளக்கச் சொன்னவரின் கண் நம் மேற்குக் கரையிலும் இருந்திருக்கிறது! இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த வரைபடம் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

அந்த வரைபடத்தில் வயல்கள் நான்கு. இன்று மூன்று. பட்டைகளும் அன்றைய மாதிரி மெல்லியவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலவற்றை ஒன்றாக்கி அகலமாக்கினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதிலும் நாடாளுமன்றம் ஆயிரக்கணக்கான சட்டங்கள் போட்டு நாடு முழுக்க இப்படிப்பட்ட வயல்களை வேலியடைத்துத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒற்றைப் பசுவைப் பொது நிலத்தில் மேய்த்து வாழ்ந்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். லாக்ஸ்டன் தப்பியதற்கு, நிலம் இரண்டு பிரபுக் குடும்பங்களிடம் பிரிந்து கிடந்ததும் ஒரு காரணம் என்கிறார்கள். சரி, எப்படியோ தப்பியது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 1952-இல் நில உடைமையாளர் மேன்வர்ஸ் பிரபு லாக்ஸ்டன் நிலத்தை விவசாய அமைச்சகத்துக்கு விற்றார், வயல்கள் அழியக்கூடாது என்பதற்காக. 1981-இல் அது, அரசுரிமை நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020-இல் மேன்வர்ஸ் குடும்பத்தின் பழைய தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பி வந்தது. இந்த ஒவ்வொரு கைமாற்றத்திலும் வயல்களைக் காப்போம் என்ற பேச்சு இருந்தது. அதை நான் சந்தேகிக்கவில்லை.

என் கவலை நிலத்தைப் பற்றியதல்ல, ஆட்களைப் பற்றியது. ஜூரிக்கு ஆள் எங்கிருந்து வருவார்கள்? பட்டைகளை உழுகிறவர்களிடமிருந்துதான். இருபது பேர் உழுத இடத்தில் ஐந்து பேர் உழுதால், ஜூரியும் அவர்களேதான், தப்பு செய்தவரும் அவர்களேதான். பக்கத்துப் பட்டையும் தன்னுடையதே என்றானபின் முளை எதற்கு? வரைபடமும் இருக்கும், வயலும் இருக்கும், கோர்ட்டும் வருடா வருடம் கூடும். தீர்ப்பதற்கு ஒரு வழக்கு மட்டும் இருக்காது.

இன்றைய விலைவாசியில் சின்னப் பண்ணையை நடத்துவது கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும். களிமண்ணில் சிதறிக் கிடக்கும் பட்டைகளுக்குப் பெரிய இயந்திரம் கட்டுப்படியாகாது, டீசல் செலவு வேறு. அதனால்தான் இதைக் குத்தகைதாரர் தலையில் மட்டும் கட்டாதீர்கள் என்கிறேன். வயல்களைத் தொடர்ந்து பட்டையாக உழும் பண்ணைக்குக் குத்தகையில் சலுகை கொடுங்கள். ஊருக்கு வெளியே நிலம் காலியாகும்போது, பட்டை வைத்திருக்கும் சின்னப் பண்ணைக்கு முதலில் கேளுங்கள். ஊருக்குள் ஒரு பண்ணை வீடு காலியானால், அதை வார இறுதிக்கு வந்துபோகிறவருக்கு விடுவதற்கு முன் அதன் பட்டைகளோடு சேர்த்துக் கேட்கும் இளம் விவசாயி யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

சைக்குகளையும் மறந்துவிடாதீர்கள். வயல்களுக்கு நடுவே, ஏர் இறங்க முடியாத ஓடைச் சரிவுகளில் நிற்கும் அந்தப் புல்வெளிகளைச் சொல்கிறேன். நூற்றாண்டுகளாகக் கலப்பை படாததால் அங்கே காட்டுப்பூக்கள் இன்னும் இருக்கின்றன. வெட்டிய புல்லுக்கு ஊரில் ஆடுமாடு வேண்டும். அதுவும் பண்ணைகள் பல இருந்தால்தான்.

ஜூரியினரே, உங்களிடம் கேட்பது இன்னும் சின்ன விஷயம். முளை அடிக்கப் போகும் நாளில் உங்கள் பிள்ளைகளையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள். எல்லைக்குழி எங்கே இருக்கிறது என்று காட்டி, மண்வெட்டியை அவர்கள் கையில் கொடுங்கள். வரும் நவம்பரிலும் நான் பாதையோரம் நிற்பேன். பார்த்தால் ஒரு வார்த்தை பேசுங்கள்.

அன்புடன்,
நாட்டிங்ஹாம்ஷயரிலிருந்து ஒரு தமிழர்